உஷார்! நன்றி சொல்லச் சொல்லி வருகிறார்கள்

சேத்தூர் பஸ் ஸ்டாப்பை ஒட்டிய டீக்கடைச் சுவரில் போன வாரம் ஒரு நோட்டீஸைப் பார்த்தேன். மஞ்சள் தாள், சிவப்பு எழுத்து. ‘வாழ்க்கையை மாற்றும் நன்றிப் பயிற்சி. அனுமதி இலவசம். பெண்களுக்கு முன்னுரிமை. மதிய உணவு உண்டு.’ கீழே ஒரு கல்யாண மண்டபத்தின் பெயர், ஞாயிற்றுக்கிழமைத் தேதி, ஒரு செல்போன் நம்பர். நடத்துவது யார் என்று மட்டும் எந்த மூலையிலும் இல்லை.

“யாரு அண்ணாச்சி ஒட்டுனது?” என்று கேட்டேன்.

“ரெண்டு பயலுக பைக்ல வந்தாங்க. பளிச்சுன்னு டை கட்டியிருந்தாங்க. நல்ல விஷயம்தான தம்பி, நன்றி சொல்றதுல என்ன நட்டம்?”

நட்டம் எவ்வளவு என்பதை எங்கள் தெருவில் ஒரு அக்கா ரூபாய் கணக்கில் சொல்வார். அவர் பெயர் இங்கே வேண்டாம். தினமும் காலையில் தளவாய்புரத்துக்கு நைட்டி தைக்கப் போகிறவர் என்பது போதும். சேத்தூர், செட்டியார்பட்டி, முகவூர் என்று இந்தப் பக்கம் பாதி வீடுகளில் அப்படி ஒரு அக்கா இருப்பார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு கூட்டத்துக்குப் பக்கத்து மெஷின் பெண் கூப்பிட்டாள் என்று ராஜபாளையம் போனார்.

அன்று நடந்ததை ஒருநாள் சாயங்காலம் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னார். ஏசி ஹால். போனதும் பன்னீர் தெளித்து, ‘கோடீஸ்வரி அம்மா, வாங்க’ என்று வரவேற்றிருக்கிறார்கள். அவரை யாரும் அதுவரை மரியாதையாக அம்மா என்றுகூட அழைத்ததில்லையாம், ‘ஏம்மா, இந்தா’ என்பதோடு சரி. பத்து மணிக்கு விளக்கை அணைத்து மெல்லிசாக ஒரு பாட்டைப் போட்டு, கண்ணை மூடச் சொன்னார்கள். ‘உங்க அம்மா உங்களுக்காகப் பட்டினி கிடந்த ஒரு ராத்திரியை நினைங்க. மனசுக்குள்ள நன்றின்னு சொல்லுங்க.’ ஹாலே அழுதது. அக்காவும் அழுதார். அவர் அம்மா உண்மையிலேயே பட்டினி கிடந்தவர்.

நான் சொல்ல வந்தது இந்த இடத்தைத்தான். அந்த அழுகை பொய்யில்லை, அந்த நன்றியும் பொய்யில்லை. முந்தானையால் முகம் துடைத்து முடிப்பதற்குள் விளக்கைப் போட்டு அடுத்த ஆள் மைக்கைப் பிடித்துவிட்டான் என்பதுதான் விஷயம். ‘அப்பேர்ப்பட்ட அம்மாவுக்கு நீங்க என்ன திருப்பிக் குடுத்தீங்க? ஏன் இன்னும் வாடகை வீட்ல இருக்கீங்க? காசு இல்லாததாலயா? இல்ல. உங்க எண்ணத்துல காசு இல்ல.’ மனசு இளகிக் கிடக்கிற நேரம். அந்த நேரத்தில் கேட்டால் மனுஷன் சிறுநீரகத்தையும் கழற்றிக் கொடுப்பான்.

பிரியாணிக்குப் பிறகு மூன்றாவது ஆள். பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு பை: உள்ளே தங்க நிறத்தில் அட்டை போட்ட ‘நன்றி நோட்டு’, இரண்டு டப்பா சத்து மாவு, ஒரு மெம்பர் நம்பர். தினம் காலையில் நோட்டில் பத்து நன்றி எழுத வேண்டும். ஐந்து பேரைச் சேர்த்துவிட வேண்டும். அந்த ஐந்து பேர் ஆளுக்கு ஐந்து பேரைச் சேர்ப்பார்கள். பிரபஞ்சம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

அக்காவின் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவர், “மாவுதான விக்கிறாக, இதுல மாசம் அம்பதாயிரம் எங்கருந்து வரும்?” என்று கேட்டிருக்கிறார். ரொம்பச் சரியான கேள்வி. இந்தியாவின் பொருளாதார நிபுணர்கள் எல்லாம் கூடினாலும் இதைவிட நல்ல கேள்வி கேட்க முடியாது. ஆனால் ஹாலில் முன்கூட்டியே தடுப்பூசி போட்டு அனுப்பியிருந்தார்கள்: ‘வீட்டுக்குப் போனதும் நெகட்டிவ் ஆளுங்க கேள்வி கேப்பாங்க. அவங்ககிட்ட பதில் பேசாதீங்க. சிரிச்சுட்டு நகர்ந்துருங்க.’ அக்கா சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார். மறுநாள் தாலிச்செயினை அடகு வைத்தார். பிறகு தன் நாத்தனாரையும் சேர்த்துவிட்டார்.

இந்த ‘நெகட்டிவ்’ என்கிற சொல்லுக்குத்தான் முதல் உஷார். நம் ஊரில் முன்பெல்லாம் கேள்வி கேட்கிறவனை ‘விவரமான ஆளு’ என்பார்கள். எரிச்சல் வந்தால் ‘குதர்க்கம் பேசுறான்’ என்பார்கள், அப்போதும் கேள்வி கேள்வியாகவே நின்றது. இப்போது கேட்டவன் மேலேயே சீக்கு வந்த கோழி மாதிரி ஒரு முத்திரை விழுகிறது. பக்கத்தில் போனால் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து ஒதுங்குகிறார்கள். ஒரு சொல்லைக் கொண்டு புருஷன் வாயையும் அண்ணன் வாயையும் ஒரே நாளில் அடைக்க முடிகிறது என்றால், அந்தச் சொல்லை நம் வீட்டுக்குள் கொண்டுவந்தது யார் என்று பார்க்க வேண்டாமா?

கணக்குக்கு வருவோம். ஒருவர் ஐந்து பேர், ஐந்து பேர் இருபத்தைந்து, அது 125, அப்புறம் 625, 3,125, 15,625, ஏழாவது படியில் 78,125. எட்டாவது படிக்கு 3,90,625 பேர் வேண்டும். 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் ராஜபாளையம் நகராட்சியின் மொத்த ஜனம் 1,30,442. கைக்குழந்தை, படுத்த கிழவி எல்லாரையும் சேர்த்தாலும் எட்டாவது படிக்கு மூன்று ராஜபாளையம் தேவை. ஒன்பதாவது படிக்கு பதினைந்து. இதில் பிரபஞ்சம் செய்ய ஒன்றுமில்லை. கடைசிப் படியில் நிற்கிறவன் காசுதான் மேல் படிக்குப் போகிறது. கடைசிப் படியில் எப்போதும் ஆட்கள் அதிகம், அதில்தான் அக்கா நின்றார்.

அக்காவுக்குத் தெரியாதது இன்னொன்று. ஆள் சேர்த்து ஆள் சேர்த்துப் பணம் சுற்றவிடும் திட்டங்களை 1978ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. நடத்துகிறவன் மட்டுமல்ல, அதில் மெம்பராகச் சேர்வதும், பிறரைச் சேர்த்துவிடுவதும் அந்தச் சட்டத்தில் குற்றம். மூன்று வருஷம் வரை சிறை. நேரடி விற்பனைக்கு என 2021 டிசம்பரில் வந்த விதிகளும் இந்த மாதிரி படிக்கட்டுத் திட்டங்களைத் தடுக்கின்றன. சத்து மாவு டப்பா ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால் ‘இது வியாபாரம்’ என்று ஆகிவிடாது. ஏமாந்த அக்கா, நாத்தனாரைச் சேர்த்துவிட்ட அன்றைக்கே, சட்டத்தின் கண்ணில் ஏமாற்றுகிறவர்கள் வரிசையிலும் ஒரு கால் வைத்துவிட்டார். போலீஸுக்குப் போகப் பலர் பயப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். மேலே இருப்பவனுக்கு இந்தப் பயம்தான் வேலி.

படித்தவர்கள் விழமாட்டார்கள் என்று நினைத்தால் அதற்கும் உஷார். ஆருத்ரா கோல்டு நிதி நிறுவன விவகாரம் 2022இல் வெடித்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போட்ட பணம் 2,438 கோடி ரூபாய் என்று காவல் துறை கணக்குச் சொன்னது. அதில் வாத்தியார்கள், அரசு ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள் எல்லாரும் இருந்தார்கள். 2024 ஜனவரியில் கோவையில் நடந்தது அதைவிட யோசிக்க வைப்பது. விளம்பரம் பார்த்தால் காசு என்று சொன்ன ஒரு செயலி நிறுவனத்தின் மேல் வழக்குப் பதிவானது. உடனே நீலாம்பூரில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடினார்கள். எதற்கு? பணத்தைத் திருப்பிக் கேட்பதற்கு அல்ல, நிறுவனத்துக்கு ஆதரவாக. வழக்கு நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும், அதில் நான் தீர்ப்புச் சொல்லவில்லை. பணம் போட்டவனே போட்ட இடத்துக்குக் காவல் நிற்கிற அளவுக்கு நம்பிக்கை ஏறிவிட்டால், கேள்வி எந்த வாசல் வழியாக உள்ளே போகும்?

அக்கா விஷயத்தில் என்னைத் தூங்கவிடாதது செயின் போனது இல்லை. திண்ணையில் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “எம்மேலதான் தப்பு தம்பி. நான் முழுசா நம்பல. நடுவுல கொஞ்சம் சந்தேகப்பட்டுட்டேன். அதான் வேல செய்யல” என்றார். ஏமாற்றியவன் எங்கேயோ சௌக்கியமாக இருக்கிறான். ஏமாந்தவர் தன் எண்ணத்தில் ஓட்டை தேடிக்கொண்டிருக்கிறார். உலகத்தில் எந்தக் கடைக்காரனுக்கும் கிடைக்காத வசதி இது: சரக்கு வேலை செய்யாவிட்டால், வாங்கியவன்தான் மன்னிப்புக் கேட்பான்.

இந்த வசதி அமெரிக்காவிலிருந்து வந்தது. நார்மன் வின்சென்ட் பீல் என்ற பாதிரியார் 1952இல் நேர்மறை எண்ணத்தின் ஆற்றலைப் பற்றி எழுதிய புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. 2006இல் ரோண்டா பைர்ன் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணி ‘தி சீக்ரெட்’ என்று படமும் புத்தகமும் கொண்டுவந்தார். நினைப்பதை எண்ணம் இழுத்துக்கொண்டு வரும், நன்றி சொன்னால் இன்னும் வேகமாக வரும் என்பது அதன் சாரம். அந்தப் படத்தில் பேசிய ஜேம்ஸ் ஆர்தர் ரே என்பவர், 2009 அக்டோபரில் அரிசோனா மாநிலத்து செடோனா அருகே ஒரு பயிற்சி முகாம் நடத்தினார். கட்டணம் பத்தாயிரம் டாலருக்குக் கொஞ்சம் குறைவு. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைத் தார்ப்பாய் போர்த்திய கூடாரத்துக்குள் உட்காரவைத்து, சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவி கிளப்பினார்கள். மூச்சு முட்டியபோதும் பலர் எழுந்து வெளியே வரவில்லை. தாங்கிக்கொள்வதுதான் மனவலிமை என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. மூன்று பேர் செத்துப்போனார்கள். 2011இல் ரேவுக்கு இரண்டு வருஷச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ‘மூச்சு முட்டுது’ என்று உடம்பு சொல்வதையே நெகட்டிவ் என்று ஒதுக்கினால் அங்கேதான் போய் நிற்கும்.

நம்மிடமும் எண்ணத்தைப் பற்றிப் பேசிய பெரியவர்கள் உண்டு. எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ படித்துத் தலை நிமிர்ந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். உதயமூர்த்தி அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து 1988இல் மக்கள் சக்தி இயக்கம் தொடங்கினார். அதே வருஷம் வந்த ‘உன்னால் முடியும் தம்பி’ படத்தில் கமல்ஹாசனின் பாத்திரத்துக்கு அவர் பெயரையே வைத்தார் பாலசந்தர். உதயமூர்த்தி எண்ணத்தைச் சொன்னார், கூடவே ஊர் வேலையில் இறங்கவும் சொன்னார். பன்னிரண்டாயிரத்துக்குப் பை விற்கவில்லை. அந்தக் காலத்துப் புத்தகத்தை எட்டு ரூபாய்க்கோ பத்து ரூபாய்க்கோ வாங்கிப் படித்துவிட்டுப் பிடிக்காவிட்டால் தூக்கிப் போட முடிந்தது. அதன் ஆசிரியர் நம் நாத்தனாரின் போன் நம்பரைக் கேட்டதில்லை.

இப்போது பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டார்கள் என்பதுதான் அடுத்த பயம். 2024இல் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில், தன்னம்பிக்கைப் பேச்சு என்று அழைக்கப்பட்ட மகாவிஷ்ணு என்பவர், மாற்றுத்திறனாளிகளாகவும் ஏழைகளாகவும் பிறப்பதற்குப் போன பிறவிப் பாவம் காரணம் என்கிற மாதிரிப் பிள்ளைகளிடம் பேசினார். பார்வைத்திறன் இல்லாத ஓர் ஆசிரியர் அங்கேயே எழுந்து தடுத்துக் கேட்டார். பேச்சாளர் அவரோடு மல்லுக்கு நின்றார். வீடியோ ஊரெல்லாம் பரவியது. செப்டம்பர் 7ஆம் தேதி பேச்சாளரைப் போலீஸ் கைது செய்தது. அந்த ஆசிரியர் ஒருவர் எழுந்திருக்காவிட்டால்? அத்தனை பெண் பிள்ளைகளும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அதில் காலை இழுத்து நடக்கிற பிள்ளை ஒன்று இருந்தால், அது தன் முற்பிறவியைத் தேடிக்கொண்டு போயிருக்கும். அக்கா தன் எண்ணத்தில் ஓட்டை தேடினார். அந்தப் பிள்ளை தன் பிறப்பில் ஓட்டை தேடும். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளிக்கு ‘மோட்டிவேஷன் ஸ்பீக்கர்’ வருகிறார் என்றால், யார், என்ன படித்தவர், யார் அனுமதித்தார்கள் என்று தலைமை ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நெகட்டிவ் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

நன்றியைப் பற்றி இந்த மண்ணுக்கே ஒரு பழைய கணக்கு உண்டு, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சேத்தூர் ஜமீன் ஊர். ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது. அதற்கு முன்னும், ஏன் அதற்குப் பின்னும் பல காலம், களத்துமேட்டில் நெல் அளக்கும்போது சலவை செய்தவருக்கும் சவரம் செய்தவருக்கும் வரப்பு வெட்டியவருக்கும் ஆளுக்குக் கொஞ்சம் அள்ளிப் போடுவார்கள். வாங்குகிறவர் கும்பிட்டு வாங்க வேண்டும். வருஷம் பூராவும் உழைத்ததற்கு அது கூலி. கூலி என்று சொல்லியிருந்தால் அளவு கேட்டிருப்பார்கள். தர்மம் மாதிரி கொடுத்து, விசுவாசம் என்று பெயர் வைத்துவிட்டதால் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். இன்றைக்கும் சம்பளம் ஏற்றிக் கேட்கிற பையனிடம் ‘வேலை குடுத்ததுக்கு நன்றி வேணாமாடா’ என்று கேட்கிற முதலாளியைப் பார்க்கலாம். தமிழ்நாட்டு நூற்பாலைகளில் பல வருஷம் நடந்த சுமங்கலித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷம் ஆலை விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று ஏழைப் பெண்களைக் கூட்டிப் போனார்கள். அந்தத் தொகை அவர்கள் சம்பளத்திலிருந்து பிடித்து வைத்ததுதான். அதை வாங்கும்போதும் நன்றி சொல்லித்தான் வாங்கினார்கள்.

கீழே இருப்பவனை மேலே இருப்பவன் நன்றியோடு இரு என்று சொல்லும்போதெல்லாம் எனக்குக் காது கூர்மையாகிவிடும். உங்களுக்கும் ஆகட்டும்.

உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். இது உயிர்ப் பிரச்சினை. மார்பில் கட்டி தட்டுப்படுகிறது, மாசக்கணக்கில் இருமல் நிற்கவில்லை, காரணம் இல்லாமல் எடை இறங்குகிறது என்றால் ‘ஒண்ணும் இருக்காது, நல்லதையே நினை’ என்று சொல்கிறவரைத் தள்ளிவிட்டு ராஜபாளையம் அரசு மருத்துவமனைக்கு பஸ் ஏறுங்கள். நல்லதை பஸ்ஸில் உட்கார்ந்தும் நினைக்கலாம். 2007இல் ஜேம்ஸ் காய்ன் என்ற உளவியலாளரும் கூட இருந்தவர்களும் தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த 1,093 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். மனசு தெம்பாக இருந்தவர்கள் கூடுதல் நாள் வாழவும் இல்லை, சோர்ந்திருந்தவர்கள் சீக்கிரம் சாகவும் இல்லை. இதைக் கேட்டால் சிலருக்குச் சப்பென்று இருக்கும். எனக்கு இது பெரிய ஆறுதல். கீமோ ஏற்றிக்கொண்டு வாந்தி எடுத்துக் கிடக்கிற ஒரு அம்மா, ‘நான் அழுதேன், அதனால நோய் கூடிருமோ’ என்று பயப்பட வேண்டாம். அழலாம். அழுதால் கட்டி வளராது. அமெரிக்க எழுத்தாளர் பார்பரா எரன்ரைக்குக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது, தன் கோபத்தைச் சக நோயாளிகளிடம் சொன்னார். ஆறுதல் சொல்வதற்குப் பதில், எண்ணத்தை மாற்றிக்கொள் என்று அவரைக் கண்டித்தார்களாம். அவர் உயிரியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர்; சும்மா விடுவாரா? 2009இல் இந்தச் சிரிப்புக் கட்டாயத்தைப் பற்றி ஒரு புத்தகமே போட்டுவிட்டார்.

மனசு உடைந்தவரிடம் போய் ‘பாசிட்டிவா இரு’ என்று சொல்வது இதைவிட ஆபத்து. கனடாவில் ஜோன் வுட் என்பவர் நடத்திய சோதனை 2009இல் வெளியானது. தன்னைப் பற்றித் தாழ்வாக நினைக்கிறவர்களை, நான் நேசிக்கத் தகுந்த ஆள் என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். சொல்லாமல் இருந்த அதே மாதிரி ஆட்களைவிட, சொன்னவர்கள் மனசு இன்னும் கீழே போனது. வாய் ஒன்று சொல்ல, உள்ளே இருப்பது ‘பொய்’ என்று பதில் சொல்லியிருக்கும். நம் வாட்ஸாப் குழுக்களில் விடியற்காலை ஐந்து மணிக்கு ரோஜாப்பூ போட்டு வருகிற பொன்மொழி, கடன்காரன் வாசலில் உட்கார்ந்திருக்கிற வீட்டில் எப்படி இறங்கும் என்று அனுப்புகிறவர் யோசிப்பதில்லை. தமிழ்நாட்டில் 2022 ஒரே வருஷத்தில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. ‘எனக்கு ஒண்ணும் பிடிக்கல, இருந்து என்ன செய்யப் போறேன்’ என்று யாராவது சொன்னால் பொன்மொழி அனுப்பாதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள், தனியே விடாதீர்கள். 14416 என்ற அரசு மனநல எண் இருபத்து நாலு மணி நேரமும் இருக்கிறது. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

அப்படியென்றால் நன்றி நோட்டே வேண்டாமா என்று கேட்கலாம். இருக்கட்டும். ராபர்ட் எமன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இருவர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் ஒருமுறை ஐந்து நல்ல விஷயங்களை எழுதிய மாணவர்கள், எரிச்சல்களை எழுதியவர்களைவிட வாழ்க்கையைக் கொஞ்சம் நிறைவாகப் பார்த்தார்கள். வாரம் ஒருமுறை என்பதைக் கவனியுங்கள். பன்னிரண்டாயிரம் ரூபாய் அதில் எங்கும் இல்லை. பின்னாளில் இப்படிப்பட்ட 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இதனால் கிடைக்கும் பலன் சின்னதுதான் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு டம்ளர் மோர் குடித்த மாதிரி. மோர் நல்லது, மோரை மருந்து என்று விற்றால்தான் வம்பு.

திருக்குறளில் இதற்கு ஒரு முழு அதிகாரமே உண்டு, பதினோராவது. அதன் தலைப்பை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள்: செய்ந்நன்றி அறிதல். பழந்தமிழில் நன்றி என்றாலே ஒருவர் செய்த நன்மை. அதை ‘அறிய’ வேண்டும் என்றார்களே தவிர, கண்ணை மூடி உணரச் சொல்லவில்லை. யார் செய்தார், என்ன செய்தார், எந்த நேரத்தில் செய்தார் என்று ஆள் பெயரும் கணக்கும் தெரிந்தால்தான் அறிதல். முகம் தெரியாத பிரபஞ்சத்துக்கு நன்றி சொல்வது சுலபம். அது திரும்பி வந்து கைமாற்று கேட்காது. போன மழைக்கு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நம் தெரு சாக்கடையைக் குத்திவிட்ட பேரூராட்சித் தொழிலாளியின் பெயர் நமக்குத் தெரியுமா? சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் தறிகளில் நெய்த பேண்டேஜ் துணிதான் நம் ஆஸ்பத்திரிப் புண்ணைச் சுற்றியிருக்கிறது. நெய்தவருக்கு மீட்டர் கணக்கில் என்ன கிடைக்கிறது என்று கேட்டதுண்டா? நன்றி நோட்டில் எழுத நிறைய இருக்கிறது. அவை எழுதியதோடு முடிகிற விஷயங்கள் அல்ல என்பதுதான் சங்கடம்.

நல்லதை நினைப்பதும் அப்படித்தான். கேப்ரியேல் எட்டிங்கன் என்ற ஜெர்மானிய உளவியலாளர், உடம்பு இளைக்கப் பயிற்சிக்கு வந்த பெண்களிடம் ஒரு விஷயம் கண்டுபிடித்து 1991இல் எழுதினார். ஒல்லியாகி அழகாக நிற்பதாக இனிமையாகக் கற்பனை செய்தவர்கள், இடைஞ்சல்களையும் நினைத்துப் பார்த்தவர்களைவிடப் பத்து கிலோவுக்கும் மேல் குறைவாகவே இளைத்தார்கள். மனசு ஏற்கெனவே விருந்து சாப்பிட்டுவிட்டது, அப்புறம் கால் எதற்கு ஓடும்? இதைத் தெரிந்துகொள்ள வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். எங்கள் ஊருக்கு மேற்கே மலையடிவாரத்துத் தோப்புக்காரர்கள் சாஸ்தா கோயிலில் நேர்ந்துகொள்கிறார்கள், ‘இந்த வருஷம் ஆனை வராது, சாஸ்தா பாத்துக்கிருவாரு’ என்று மனசாரச் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு, டார்ச் லைட்டையும் வெடியையும் எடுத்துக்கொண்டு ராத்திரி காவலுக்குப் போகிறார்கள். சாஸ்தாவை அவர்கள் நம்பவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? தென்னங்கன்று சடசடவென்று முறிகிற சத்தம் கேட்டால் அவர்கள் வாயில் முதலில் வருகிற சொல், உஷார்.

நோட்டீஸுக்குத் திரும்புகிறேன். அதை போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். அன்று சாயங்காலம் அந்த நம்பருக்குப் போன் செய்தேன். ஒரு பெண் குரல், தேனாகப் பேசியது. நிறுவனத்தின் பெயர் கேட்டேன். “ஹாலுக்கு வாங்க சார், எல்லாம் சொல்வாங்க.” பதிவு எண் கேட்டேன். “நீங்க ஏன் சார் இவ்ளோ நெகட்டிவா யோசிக்கிறீங்க?” என்று சொல்லி லைன் கட்டாகிவிட்டது. உங்கள் ஊரிலும் இப்படி ஒட்டியிருந்தால் இதையே செய்து பாருங்கள். இரண்டு கேள்விதான், ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. பணம் ஏற்கெனவே போயிருந்தால், செல்போன் வழியாக அனுப்பியது என்றால் அன்றைக்கே, அந்த மணிக்கே 1930க்குக் கூப்பிடுங்கள். முதலீடு, டெபாசிட் என்று வாங்கியிருந்தால் பொருளாதாரக் குற்றப் பிரிவில் எழுதிக் கொடுங்கள். ரசீது, வாட்ஸாப் மெசேஜ், மெம்பர் கார்டு எதையும் வெட்கப்பட்டு அழித்துவிடாதீர்கள்.

அக்காவிடமும் போட்டோவைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். “அதே பிரியாணிதான் போடுவாக” என்றார். பிறகு உள்ளே போய் அந்தத் தங்க அட்டை நோட்டை எடுத்து வந்தார். முதல் பதினொரு பக்கம் முத்து முத்தான எழுத்தில் நன்றிகள்: சூரியனுக்கு, காற்றுக்கு, பிரபஞ்சத்துக்கு, ஹாலில் பேசியவருக்கு. பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து பென்சிலில் வேறு எழுத்து. அடகுக் கடை வட்டி, குழு லோன் வாரத் தவணை, நாத்தனாருக்குத் திருப்பிக் கொடுத்தது இதுவரை 4,500, பக்கத்து மெஷின் பெண் தாராளமாகத் தள்ளிப்போட்ட 1,000. கடைசி வரிக்குப் பக்கத்தில் அவள் பெயரை எழுதி, இரண்டு கோடு அடித்திருந்தார்.

“இவதான் என்னைய அந்த ஹாலுக்குக் கூட்டிட்டுப் போனவ. அவளுக்கும் போச்சு பதினஞ்சாயிரம். இருந்தும் எனக்கு அவகாசம் குடுத்துருக்கா, பாத்துக்க” என்றார் அக்கா. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேருமாக மண்டபத்து வாசலில் போய் நிற்பதாகத் திட்டம். உள்ளே போகிற பொம்பளைகளிடம் நோட்டைத் திறந்து பன்னிரண்டாம் பக்கத்தைக் காட்டப் போகிறார்களாம். வீட்டுக்காரர் லோடு ஆட்டோவில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.